சிறிய நீராவி எஞ்சின் மாடல்: உருவம் பாதியானால் விலையும் ஏன் பாதியாவதில்லை?

சூரமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். சேலம் சந்திப்புக்கு அருகில் வசிக்கிறேன். மொட்டைமாடி அறையில் ஆறடிக்கு நான்கடி பலகை ஒன்றின்மேல் 16.5 மி.மீ. இடைவெளியில் தண்டவாளம் போட்டு, பிரிட்டிஷ் ஓஓ அளவில், அதாவது 1:76-இல், மாடல் ரயில்களை ஓட்டிவருகிறேன். கையில் இருப்பது பெரிய 4-6-2 எஞ்சின் ஒன்று (முன்னால் நான்கு, நடுவில் ஓட்டும் சக்கரம் ஆறு, பின்னால் இரண்டு என்று பொருள்). பலகை சிறியது என்பதால் வளைவுகள் இறுக்கமாக இருக்கின்றன, 438 மி.மீ. ஆரத்தில் அந்த எஞ்சின் திரும்பும்போது அதன் முன்பாகம் தண்டவாளத்தை விட்டு அசிங்கமாக வெளியே நீட்டிக்கொண்டு போகிறது. ஆகவே அடுத்ததாக, தண்ணீரைத் தன் உடலிலேயே சுமக்கும் 0-4-0 டாங்க் எஞ்சின் ஒன்று வாங்கலாம் என்று விலை விசாரித்தேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த எஞ்சினின் விலை, என்னிடம் உள்ள பெரிய எஞ்சினின் விலையில் பாதிக்கும் மேல் இருக்கிறது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, எடையில் அதைவிடவும் குறைவு. சரி, அளவையே மாற்றி, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. மட்டுமே உள்ள ‘என்’ (N) கேஜுக்குப் போகலாமா என்று பார்த்தால், அங்கும் எஞ்சின் விலை ஏறத்தாழ இதே உயரத்தில்தான் நிற்கிறது. மெர்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த 6.5 மி.மீ. இசட் கேஜோ அதைவிடவும் கூடுதல். பொருள் குறையக் குறைய விலை ஏன் குறைவதில்லை? இந்த விலை கொடுத்தும் இவற்றை விரும்பி வாங்குவோர் எதைக் கண்டு வாங்குகிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரும்பாலை_அச்சுக்கூடம்

தம்பி, பிளாஸ்டிக் வார்ப்பு அச்சு செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பொருளின் விலை இதில் ஒரு பொருட்டே அல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் பெரிய எஞ்சினுக்கும் சிறிய எஞ்சினுக்கும் இடையே பிளாஸ்டிக்கில் மிச்சமாகும் தொகையில் ஒரு காப்பிகூடக் குடிக்க முடியாது. செலவு முழுவதும் அச்சில் இருக்கிறது. எஃகுக் கட்டையில் உடல், கூரை, புகைபோக்கி, படிக்கட்டு, பிரேக் கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் குழி வெட்ட வேண்டும். பக்கவாட்டில் ரிவெட் தலைகள் தெரிய வேண்டுமானால் அச்சின் பக்கங்கள் தனித்தனியே நகரும்படி ஸ்லைடு வைக்க வேண்டும். குழி சிறியதாக இருப்பதால் வேலை குறைவதில்லை. மின்பொறியால் எஃகை அரித்துக் குழி எடுக்கும் ஸ்பார்க் ஈரோஷனுக்கு நுண்ணிய எலெக்ட்ரோடு செய்வதும், மெருகேற்றுவதும், அளவு சரிபார்ப்பதும் சிறிய குழியில்தான் கடினம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஓர் எஞ்சினுக்கான அச்சுத்தொகுதிக்கு ஒரு கோடி ரூபாய் ஆகிறது, அதில் 5,000 எஞ்சின்கள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மோட்டாரும் சக்கரமும் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு எஞ்சின் தலையிலும் 2,000 ரூபாய் ஏறிவிடுகிறது. சிறிய எஞ்சினுக்கு அச்சுச் செலவு 70 லட்சம் ஆனாலும் தலைக்கு 1,400 ரூபாய் ஆகிறது. எண்ணிக்கை 2,000-ஆகச் சுருங்கினால் அதே சிறிய எஞ்சின்மேல் 3,500 ரூபாய் ஏறிவிடும். ஆக, எஞ்சினின் நீளத்தைவிட எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

அடுத்தது கைவேலை. கைப்பிடிக் கம்பிகளைச் செருகுவதும், சக்கரங்களைச் சரியான கோணத்தில் அச்சாணியில் அழுத்துவதும், பட்டைக்கோடுகளை ஒவ்வொரு நிறமாகப் பதிப்பதும் ஆளை வைத்துச் செய்யும் வேலைகள். நான்கு சக்கரம் குறைந்தால் சில நிமிடங்கள் மிச்சமாகும், அவ்வளவுதான். மோட்டாரோ எதிர்த் திசையில் போகிறது: சிறிய பாய்லருக்குள் மறைய வேண்டும் என்பதற்காகக் இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் வைத்தால் அது சாதாரண மோட்டாரைவிட விலை கூடியது. தண்டவாளம் வழியே வரும் கட்டளையை ஏற்று மோட்டாரை இயக்கும் டிஜிட்டல் டிகோடருக்கு இடம் ஒதுக்குவதும் சிறிய எஞ்சினில் பெரும்பாடு.

என் கேஜில் இதோடு எடைப் பிரச்சினையும் சேர்கிறது. 1:76-இலிருந்து 1:148-க்கு இறங்கினால் நீளம் ஏறக்குறைய பாதியாகிறது. கன அளவோ ஏழில் ஒரு பங்குதான். தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள எடை வேண்டும் என்பதால் உடலையே உலோகத்தில் வார்க்கிறார்கள், சில இடங்களில் டங்ஸ்டன் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். இவை எல்லாம் காசு.

மீட்டர்கேஜ்_பக்தன்

அச்சுக்கூடத்து அண்ணன் சொன்ன கணக்கு முழுவதும் சரி. ஆனால் அது உற்பத்தியாளரின் நியாயம். வாங்குபவனின் நியாயம் வேறு. சிறிய எஞ்சினின்மேல் உள்ள மோகம் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்களின் மோகம் என்பதே என் எண்ணம். பிரிஸ்டலில் இருந்த பெக்கெட் நிறுவனத்தின் 0-4-0 எஞ்சினை ஹார்ன்பி 2016–17 வாக்கில் மாடலாக வெளியிட்டபோது அது கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. அங்கு நிலக்கரிச் சுரங்கம், காஸ் கம்பெனி, துறைமுகம் என்று ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் எஞ்சின் ஓடியது. பார்த்து வளர்ந்தவர்கள் வாங்குகிறார்கள். ஒரே அச்சை வைத்து ஆண்டுதோறும் வேறொரு கம்பெனியின் நிறத்தைப் பூசி விற்க முடிவதால் உற்பத்தியாளருக்கும் கொண்டாட்டம். சேலத்துக்காரர் அதே எஞ்சினை ஏன் வாங்க வேண்டும்? விருத்தாசலம் மார்க்கத்தில் மீட்டர்கேஜ் வண்டி பார்த்து வளர்ந்தவன் நான். என் கண்ணுக்கு எஞ்சின் என்றால் ஒய்பி, ஒய்ஜி வகை மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்கள்தான்.

ஓட்டுவதிலும் சிறியது தொல்லைதான். நான்கு சக்கரங்கள், அவற்றுக்கிடையே மூன்று செ.மீ.கூட இல்லாத இடைவெளி. பாதை பிரியும் பாயிண்டில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங் மூக்கு பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த இடத்தில் மின்சாரம் அறுந்து எஞ்சின் நின்றுவிடும். விரலால் தள்ளிவிட வேண்டும். எட்டு சக்கரமோ பத்து சக்கரமோ உள்ள எஞ்சினும், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் அதன் பின்வண்டியான டெண்டரும் அதே இடத்தைக் கவனிக்காமலே கடந்துபோகும். இழுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் விலையையும் வகுத்துப் பார்த்தால் பெரிய எஞ்சின்தான் மலிவு.

சூரமங்கலத்தான்

இருவருக்கும் நன்றி. ஆனால் ஐயா, ஆறடிப் பலகையில் நான் இழுக்கப்போவது மூன்று பெட்டிகள்தான். பத்துப் பெட்டியை இழுக்கும் வலு எனக்கு எதற்கு? 371 மி.மீ. வளைவில் சிக்கலின்றித் திரும்பக்கூடியதும், நின்று நிதானமாக ஷண்டிங் செய்யக்கூடியதுமான எஞ்சின்தான் என் தேவை. மின்சாரம் அறுந்து நிற்பதற்கு வழி உண்டா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

இரும்பாலை_அச்சுக்கூடம்

உண்டு. மூக்கு உலோகத்தால் ஆன பாயிண்டுகளை வாங்கி, பாயிண்ட் திரும்பும்போது மூக்கின் மின்முனையும் மாறும்படி சுவிட்ச் ஒன்று வைத்துவிட்டால் தொல்லை பெருமளவு தீரும். டிஜிட்டலில் ஓட்டுபவர்கள் டிகோடரோடு சிறிய கெப்பாசிட்டர் தொகுதியைச் சேர்க்கிறார்கள்; தடைப்பட்ட மின்சாரத்தை அது ஓரிரு விநாடிகளுக்கு ஈடுகட்டும். ஆனால் அதற்கும் பாய்லருக்குள் இடம் வேண்டும். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைத்து வைப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். சேலத்துக் கோடைத் தூசியில், அதுவும் மொட்டைமாடி அறையில், இரண்டு நாள் மூடாமல் விட்டாலே எஞ்சின் திணறத் தொடங்கும்.

அம்மாப்பேட்டை_என்கேஜ்

எஞ்சினின் விலையை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எஞ்சின் எவ்வளவு என்று கேட்பதைவிட, அந்த எஞ்சின் எவ்வளவு இடத்தைக் கேட்கிறது என்று கேட்க வேண்டும். சேலத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் எனக்கு அறை ஒன்றை ரயிலுக்கென ஒதுக்கும் வசதி என்றைக்கும் இருந்ததில்லை. பழைய ஃபிளஷ் கதவு ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் 9 மி.மீ. தண்டவாளம் போட்டிருக்கிறேன், வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன்.

சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 21.3 மீட்டர். 1:76-இல் அது 28 செ.மீ. ஆகிறது, பன்னிரண்டு பெட்டி கோத்தால் எஞ்சின் இல்லாமலே மூன்றேகால் மீட்டரைத் தாண்டுகிறது. சூரமங்கலத்தாரின் பலகையில் அந்த வண்டி தன் வாலைத் தானே முட்டும். 1:160-இல் அதே பன்னிரண்டு பெட்டிகள் 1.6 மீட்டரில் அடங்கிவிடுகின்றன. முழு வண்டியையும் ஒரே பார்வையில், நிலப்பரப்போடு சேர்த்துப் பார்க்க முடிகிறது. சேலம் சந்திப்பில் நடைமேம்பாலத்தின்மேல் நின்று வண்டி வருவதைப் பார்க்கிறோமே, அந்தத் தொலைவு கிடைப்பது என் கேஜில்தான். ஓஓவில் எஞ்சினைப் பார்க்கிறோம், என் கேஜில் ரயிலைப் பார்க்கிறோம். எஞ்சின் விலையில் மிச்சமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிகளிலும் பெரிதாக மிச்சமில்லை. பலகையிலும் இடத்திலும் மிச்சமாவதே எனக்குப் பெரிது.

குறை ஒன்று உண்டு. நீராவி எஞ்சினின் இயக்கத் தண்டுகள் என் கேஜில் ஊசியளவு ஆகிவிடுகின்றன. பிஸ்டன் தண்டு முன்னும் பின்னும் போவதை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு இது போதாது. என் வயதில் கண்ணாடியும் வேண்டியிருக்கிறது.

மீட்டர்கேஜ்_பக்தன்

அக்கா சொல்லும் தொலைவு எனக்குப் புரிகிறது. ஆனால் அகல ரயில்பாதை 1,676 மி.மீ.; அதை 9 மி.மீ. தண்டவாளத்தில் சரியாகப் பொருத்த வேண்டுமானால் அளவு 1:186-க்கு இறங்க வேண்டும். 1:160 பெட்டியை ஓட்டினால் தண்டவாளம் குறுகித்தான் தெரியும். மீட்டர்கேஜை 16.5 மி.மீ.-இல் வைத்தால் 1:60 வருகிறது. எதை எடுத்தாலும் கடையில் கிடைப்பது நம்முடைய ரயிலாக இருப்பதில்லை என்பதே என் வருத்தம்.

சேர்வராயன்_ஆவி

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். நீராவி எஞ்சின் என்று தலைப்பில் இருக்கிறது. இதுவரை பேசியவை எல்லாம் மின்மோட்டாரில் ஓடுபவை. தண்ணீர் கொதித்து, ஆவி பிஸ்டனைத் தள்ளி ஓடும் எஞ்சின்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். விலைக் கேள்விக்கு அங்கே வேறு விதமான பதில் கிடைக்கிறது.

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே, 32 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு சுற்றுப்பாதை வைத்திருக்கிறேன். பதினாறு மி.மீ. அளவு என்று இதைச் சொல்வார்கள்: அசலில் ஓர் அடி, மாடலில் 16 மி.மீ. இரண்டடி கேஜ் பாதை அப்படியே 32 மி.மீ. ஆகிவிடுகிறது. டார்ஜிலிங் ரயிலின் கேஜ் இரண்டடிதான். மீட்டர்கேஜ் அன்பர் வருந்தியது போல இங்கே தண்டவாளம் குறுகவும் இல்லை, விரியவும் இல்லை. 1889-இல் ஓடத் தொடங்கிய டார்ஜிலிங்கின் பி வகுப்பு 0-4-0 எஞ்சினை இங்கிலாந்தின் டான்காஸ்டரில் உள்ள ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம் இந்த அளவில் உண்மையான நீராவியில் ஓடும்படி செய்து விற்றிருக்கிறது. நம் நாட்டு எஞ்சின் ஒன்று, சிறியது, கேஜும் சரி. விலைதான் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குப் போய் நிற்கும்.

நீராவியில் எவ்வளவு சிறியதாகப் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பாய்லரின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நான்கில் ஒன்றாகிறது, உள்ளிருக்கும் தண்ணீரோ எட்டில் ஒன்றாகிறது. வெப்பம் வெளியேறும் பரப்பு, வெப்பத்தைச் சேமிக்கும் தண்ணீரோடு ஒப்பிட, இரண்டு மடங்காகிவிடுகிறது என்று பொருள். ஹார்ன்பி 2003-இல் ஓஓ அளவிலேயே உண்மையான நீராவி எஞ்சின் ஒன்றை விற்றது. அதில் நெருப்பு கிடையாது. தண்டவாளத்தின் வழியே மின்சாரத்தை அனுப்பி டெண்டரில் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். வியக்கத்தக்க வேலைதான், ஆனால் ஓட்டுவதற்குப் பொறுமை வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எளிதன்று. நெருப்பு வைத்து நிம்மதியாக ஓட்டக்கூடியவற்றில் மிகச் சிறியது என்று நான் கருதுவது இந்த 32 மி.மீ.தான். இதற்குமேல் மூன்றரை அங்குலம், ஐந்து அங்குலம் என்று போனால் எஞ்சினைத் தூக்குவதற்கே ஆள் வேண்டும், சொந்தமாக லேத் வேண்டும். ஆகவே இதில் விலையின் அடிமட்டம் என்பது சிறுமையின் எல்லையில் இருக்கிறது. மோட்டார் எஞ்சினில் சிறிதானால் விலை குறைவதில்லை. நீராவியில், ஓட்டக்கூடிய மிகச் சிறியதுதான் உண்மையிலேயே மிக மலிவானது.

மலைமேல் ஓட்டுவதில் சில விசேஷங்கள் உண்டு. இந்த எஞ்சின்கள் பியூட்டேன் வாயுவில் எரிகின்றன. இருபது டிகிரி வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு பார் இருக்கும். பத்து டிகிரிக்கு இறங்கினால் அது பாதியாகிவிடும். டிசம்பர், ஜனவரி காலைகளில் ஏற்காட்டில் எஞ்சினைப் பற்றவைத்தால் தீ நன்றாகத் தொடங்கி, வாயு ஆவியாகும்போது தொட்டி மேலும் குளிர்ந்து, சற்று நேரத்தில் சுணங்கிவிடும். வாயுத்தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் நிற்கும்படி ஒரு தகரத் தொட்டி செய்து வைத்த பிறகு அந்தக் கவலை இல்லை. தண்ணீருக்கு மழைநீரையே பிடித்து வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் பாய்லருக்குள் உப்பு படியும்.

ஓடத் தொடங்கியதும் சிலிண்டரில் சேர்ந்திருந்த தண்ணீரை எஞ்சின் புகைபோக்கி வழியே துப்பும்; பக்கத்தில் நிற்பவரின் சட்டையில் எண்ணெய்த் துளிகள் விழும். பிறகு மெல்லப் பிடித்துக்கொண்டு, செடிகளுக்கிடையே இருபது நிமிடத்துக்குமேல் தானாகச் சுற்றிவரும். என் வீட்டுக்கு வருகிறவர்களில் பத்துப் பேர் மின் எஞ்சினை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்வார்கள். இதைப் பார்த்தவர்கள் தண்ணீர் தீரும்வரை நகர்வதில்லை.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

சேர்வராயன் அண்ணனுக்கு வணக்கம். ரயில் மாடல் எனக்குப் புதிது. வெள்ளிப் பட்டறை எங்கள் குடும்பத் தொழில். அச்சுக்கூடத்தார் எழுதியதைப் படித்தபோது ஒரு கேள்வி தோன்றியது. எஃகு அச்சுதான் விலைக்குக் காரணம் என்றால், எஃகு அச்சே இல்லாமல் செய்தால் என்ன?

நாங்கள் கொலுசின் திருகு, முகப்பு, மணி போன்றவற்றை மெழுகு வார்ப்பில் எடுக்கிறோம். முதலில் ஒரு மாதிரியைச் செய்து, அதைச் சுற்றி ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் உருகிய மெழுகைச் செலுத்தி, எத்தனை வேண்டுமோ அத்தனை மெழுகு உருக்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றை மரக்கிளையில் காய் தொங்குவது போல ஒரு தண்டில் ஒட்டி, மாவுச் சாந்தில் மூழ்கவைத்து, சூளையில் மெழுகை எரித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறோம். வெள்ளிக்குப் பதில் பித்தளை ஊற்றினாலும் வேலை இதேதான். ரப்பர் அச்சுக்கு ஆகும் செலவு எஃகு அச்சோடு ஒப்பிடக்கூடியதே அன்று. ஐந்து உருப்படி, ஐம்பது உருப்படி என்று எடுத்தாலும் கட்டுப்படியாகும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் குடுவைக்குள் அடங்குகிற அளவில் உருப்படி இருக்க வேண்டும். பெரிய எஞ்சினின் பாய்லர் உறையோ சட்டமோ அதில் அடங்காது. சிறிய எஞ்சினின் புகைபோக்கி, பாய்லர்மேல் உள்ள குமிழ்மாடம், சக்கரம், சிலிண்டர் மூடி, இயக்கத் தண்டு ஆகியவை தாராளமாக அடங்கும். மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்கும் என்பதால் மாதிரியை நூற்றுக்குச் சில பங்கு பெரிதாகச் செய்துகொள்ள வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரி எடுப்பவர்களுக்கு அது கணினியில் ஓர் எண்ணை மாற்றுவதுதான்.

சேர்வராயன்_ஆவி

தம்பி எழுதியது மிகவும் பயனுள்ளது. சக்கரங்களையும் குமிழ்மாடத்தையும் செவ்வாய்ப்பேட்டையில் வார்த்து, சட்டத்தைத் தகட்டில் லேசரில் வெட்டி, சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்தால், 32 மி.மீ. எஞ்சின் ஒன்றைச் சேலத்துக்குள்ளேயே முடித்துவிடலாம். சொந்த லேத்கூடத் தேவைப்படாது. பாய்லருக்கு மட்டும் ஒரு கேள்வி: செம்புக் குழாயும் தட்டும் சேரும் இடங்களை வெள்ளிப் பற்றில்தான் இணைக்க வேண்டும். ஈயப் பற்று ஏறக்குறைய 183 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும்; 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆவியின் வெப்பமே 140 டிகிரியைத் தாண்டுகிறது, தண்ணீர் வற்றினால் கேட்கவே வேண்டாம். உங்கள் பட்டறையில் இந்த வேலை ஆகுமா?

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி

ஆகும், அண்ணா. வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவது எங்கள் அன்றாட வேலை. ஆனால் கொலுசுக்கு வைக்கும் பொடியையே பாய்லருக்கும் வைக்கச் சொல்லாதீர்கள். அது அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஒவ்வொரு பட்டறையிலும் கலவை ஒவ்வொரு விதமாக இருக்கும். காட்மியம் கலந்ததாக இருந்தால் அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. காட்மியம் இல்லாத, 55 சதவீதம் வெள்ளி உள்ள தொழிற்சாலைக் கம்பியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஊதித் தருவது எங்கள் பொறுப்பு. செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும் என்பதால் கொலுசுக்கு ஊதும் தீ போதாது, பெரிய பர்னர் வேண்டும்.

வெள்ளி விலை ஏறிக் கிடப்பதால் அந்தக் கம்பி மலிவாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்பாலை_அச்சுக்கூடம்

பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவற்றைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. கால் லிட்டர்கூட இல்லாத இந்தப் பாய்லருக்கு அரசு ஆய்வாளர் வர மாட்டார். அதனாலேயே பொறுப்பு முழுவதும் செய்பவரின்மேல் விழுகிறது. நெருப்பு வைப்பதற்கு முன் பாய்லரைத் தண்ணீரால் முழுமையாக நிரப்பி, காற்று சிறிதும் இல்லாமல் செய்து, கைப்பம்பால் ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஏற்றி, கசிவும் வீக்கமும் இல்லை என்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். காற்றை அடைத்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. பாதுகாப்பு வால்வை மட்டும் உள்ளூரில் செய்து பார்க்க வேண்டாம். பெயர் பெற்ற தயாரிப்பை வாங்குங்கள்.

துறைமுகப்_பார்சல்

இறக்குமதியில் கொஞ்சம் அனுபவம் உள்ளதால் விலைக் கேள்வியின் இன்னொரு பாதியைச் சொல்கிறேன். 2020 பட்ஜெட்டில் பொம்மைகள்மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அளவு சுருக்கிய மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளுக்கான 9503 என்ற அதே தலைப்பில்தான் வருகின்றன. இந்த வரி பொருளின் விலைக்கு மட்டுமன்று. கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு விதிக்கப்படுகிறது. அதற்குமேல் ஜிஎஸ்டி.

நூறு பவுண்டு எஞ்சினுக்கு அனுப்பும் கட்டணம் 25 பவுண்டு என்று வையுங்கள். 125-க்கு 70 சதவீதம் சேர்த்தால் 212.50, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று கொண்டால் 250 பவுண்டைத் தாண்டுகிறது. இருநூறு பவுண்டு எஞ்சினுக்கு அனுப்பும் கட்டணம் இரட்டிப்பாவதில்லை. 30 பவுண்டு என்று கொண்டால் வீடு வந்து சேர்கையில் 461 ஆகிறது. சிறியது இரண்டரை மடங்கு, பெரியது 2.3 மடங்கு. சூரமங்கலத்தாரின் கண்ணில் சிறிய எஞ்சின் அநியாய விலையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தருவித்தால் கட்டணம் பகிரப்படும்.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொருள்களுக்கானது. சேகரிப்பாளர்களுக்கான மாடல் அதில் வராது என்று வாதிடலாம். அதிகாரி ஏற்பாரா என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. பெட்டியின்மேல் வயது வரம்பு அச்சிடப்பட்டிருந்தால் அதைப் படம் எடுத்து ஆவணங்களோடு இணைப்பது உதவும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் கொண்டுவரச் சொல்வதே பலரும் செய்வது. பியூட்டேன் குப்பியை மட்டும் அவர் தலையில் கட்டிவிடாதீர்கள், விமானத்தில் அனுமதி இல்லை.

மீட்டர்கேஜ்_பக்தன்

சேலத்திலேயே செய்ய முடியும் என்ற பேச்சு வந்த பிறகு என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஒரு வேண்டுகோள். நீலகிரி மலை ரயில் 2007 முதல் சேலம் கோட்டத்தின்கீழ்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட அதன் எக்ஸ் வகுப்பு எஞ்சினையும், பின்னாளில் பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டவற்றையும் இன்றைக்கும் மேட்டுப்பாளையத்தில் கண்ணால் பார்த்து அளவு எடுக்கலாம். வார்க்கப்போகிறவர்கள் டார்ஜிலிங்கை விட்டு அதை யோசிக்கக் கூடாதா?

சேர்வராயன்_ஆவி

ஆசைதான். ஆனால் அது 0-8-2, நான்கு சிலிண்டர், பாதையின் நடுவிலுள்ள பல்தண்டைக் கவ்வும் பல்சக்கரத்துக்குத் தனி இயக்கம். 12 அடிக்கு ஓரடி ஏறும் பாதைக்காகவே செய்யப்பட்ட எஞ்சின். முதல் எஞ்சினாக அதைத் தொட்டால் பாதியில் நின்றுவிடும். மோட்டாரில் ஓடும் 1:60 மாடலாக, வார்ப்பு உறையோடு, செய்து பார்க்கலாம். அதுவும் உங்கள் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே நிற்கும்.

சூரமங்கலத்தான்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்குப் ஒருவர் ஓட்டிய பழைய 0-4-0 ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மேல் உடலைச் செவ்வாய்ப்பேட்டைத் தம்பியிடம் வார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். வெளியூர் நண்பர் ஒருவர் வழியாக ஒன்று வருகிறது. படங்கள் மட்டுமே பார்த்திருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் எவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

இரும்பாலை_அச்சுக்கூடம்

மேல் உடலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எப்படியும் மாற்றப்போகிறீர்கள். அடிச்சட்டத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் வார்ப்பு காலப்போக்கில் உப்பி, வளைந்து, நொறுங்கிப்போகும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். சட்டம் வாழைப்பழம் போல வளைந்திருந்தாலோ, திருகுத் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதற்கு மருந்தே கிடையாது. பிறகு, அச்சாணியில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ‘டக்’ என்று ஒலி கேட்கும், ஆகவே ஒலியோடு காணொளி கேளுங்கள். மிக மெதுவாக ஓட்டி எடுக்கச் சொல்லுங்கள்; வேகமாக ஓட்டினால் எல்லா எஞ்சினும் நன்றாகவே ஓடும். பல்சக்கரம் மட்டும்தான் பழுது என்றால் விலையைக் குறைத்து வாங்கிவிடலாம், பித்தளையில் ஒன்று கடைந்து தருகிறேன்.